இளைப்பாறிய படையதிகாரிகளும் ஆயுதக் கம்பனிகளும்: ஐக்கிய அமெரிக்கச் சட்ட வரலாறு பற்றிய ஒரு நோக்கு

போர்களின் வரலாற்றை எழுதுவோர் களங்களையும் தளபதிகளையும் விரிவாகப் பேசுவர். அப்போர்களுக்கான கருவிகள் எவரிடமிருந்து, என்ன விலைக்கு, எவருடைய கையொப்பத்துடன் வாங்கப்பட்டன என்னும் வினா பெரும்பாலும் பின்தள்ளப்பட்டுவிடுகின்றது. ஆயினும், உழைக்கும் மக்களிடமிருந்து வரியாகத் திரட்டப்படும் செல்வம் எங்கே சென்றடைகின்றது என அறிய விரும்புவோர் இவ்வினாவைத் தவிர்த்துச் செல்லுதல் இயலாது. கொள்வனவு மேசையின் ஒருபுறத்தில் அரசின் சார்பாக அமர்ந்திருந்த படையதிகாரி, சீருடையைக் களைந்த சிறிது காலத்திலேயே அம்மேசையின் மறுபுறத்தில் கம்பனியின் சார்பாக அமர்வது ஐக்கிய அமெரிக்காவில் நூற்றாண்டுக்கு மேலாக நிலவிவரும் வழக்கமாகும். அந்நாட்டு அரசியல் வழக்கிலே இது ‘சுழற்கதவு’ எனப்படும்.

இவ்வழக்கத்தைக் கட்டுப்படுத்த 1896ஆம் ஆண்டு தொடக்கம் சட்டங்கள் இயற்றப்பட்டு வந்துள்ளன. அவற்றின் வரலாற்றைத் தொடர்ச்சியாக நோக்குமிடத்து ஓர் உண்மை புலனாகும். இச்சட்டங்கள் பெரும்பாலும் அதிகாரி பதவியை விட்டு நீங்கிய பின்னர் வரும் ஆண்டுகளையே எண்ணின. பொதுநலனுக்கு ஊறு விளைவதோ அவர் பதவியில் இருக்கும் இறுதி ஆண்டுகளிலேயாகும். நாளை தமக்குச் சம்பளம் தரக்கூடிய கம்பனியின் கணக்கை இன்று கண்டிப்புடன் பரிசோதிக்க எத்தனை பேர் துணிவர் என்பதே அடிப்படைப் பிரச்சினை. இப்பிரச்சினையைச் சட்டங்கள் எவ்வாறு அணுகின, எங்கே தவறவிட்டன என்பதை இக்கட்டுரை ஆராய முயல்கின்றது.

1. கவசத் தகடுகளும் 1896ஆம் ஆண்டுச் சட்டமும்

1880களில் ஐக்கிய அமெரிக்கா தனது பழைய மரக்கப்பற் படையைக் கைவிட்டு உருக்குக் கப்பற்படையை அமைக்கத் தலைப்பட்டது. போர்க்கப்பல்களுக்கு வேண்டிய கனத்த கவசத் தகடுகளை வார்க்கும் ஆற்றல் அந்நாட்டில் அப்போது இருக்கவில்லை. 1887இல் பெத்லகேம் கம்பனியுடனும், 1890இல் கார்னெகி கம்பனியுடனும் அரசு ஒப்பந்தம் செய்துகொண்டது. நாட்டினுள்ளே வாங்குபவர் ஒருவர், விற்பவர் இருவர் என்ற நிலை இவ்வாறு உருவாயிற்று. இத்தகைய சந்தையில் விலையைத் தீர்மானிப்பது போட்டியன்று. எவர் எவரை அறிவார் என்பதே.

அறிந்தவர்கள் கடற்படையில் இருந்தனர். பீரங்கி வார்ப்பாலைகள் பற்றி ஆராய 1883இல் நியமிக்கப்பட்ட சபையின் செயலாளராகப் பணியாற்றிய லெப்டினன்ற் வில்லியம் ஜேக்ஸ் பின்னர் பெத்லகேம் கம்பனியிற் பணிபுரிந்தார். கடற்படைப் போர்த்தளவாடப் பணியகத்தின் தலைவராக இருந்த வில்லியம் போல்ஜர், தகடுகளின் மேற்பரப்பைக் கடினமாக்கும் ஹார்வே முறையைக் கடற்படை ஏற்றுக்கொண்ட காலத்தில் அப்பதவியை வகித்தவர். அதனை விட்டு நீங்கியபின் அம்முறைக்கு உரிமை பூண்ட ஹார்வே கம்பனியிடம் ஊதியம் பெற்றார்.

இதே காலத்திற் கவசத் தகடுகளின் தரம் பற்றிய மோசடியும் வெளிப்பட்டது. ஹோம்ஸ்ரெட்டிலுள்ள கார்னெகி ஆலையில் குறைபாடுள்ள தகடுகளின் துளைகள் மறைக்கப்பட்டதையும், பரிசோதனைப் பதிவுகள் திரிக்கப்பட்டதையும் 1893இல் அரசுக்கு அறிவித்தவர்கள் அவ்வாலையின் தொழிலாளர்களே. அதற்கு முந்திய ஆண்டிலேதான் அந்த ஆலையில் நடந்த வேலைநிறுத்தம் கூலிப்படையைக் கொண்டும் மாநிலப் படையைக் கொண்டும் நசுக்கப்பட்டிருந்தது. தகவல் கொடுத்தோர் அதற்குச் சன்மானமும் கோரினர் என்பது உண்மையே. ஆயினும், கடற்படையின் பரிசோதகர்கள் ஆலையிலேயே இருந்தும் கண்டறியாத குற்றத்தை உலைக்களத்துத் தொழிலாளரே கண்டுரைத்தனர் என்பது கருதற்பாலது. கம்பனிமீது விதிக்கப்பட்ட தண்டத்தை ஜனாதிபதி கிளீவ்லன்ட் குறைத்துவிட்டார்.

காங்கிரஸ் இவற்றை விசாரித்தது. 1896ஆம் ஆண்டுக் கடற்படை நிதி ஒதுக்கீட்டுச் சட்டத்திலே ஒரு வாசகம் சேர்க்கப்பட்டது. கடற்படைக்குப் பொருள்களையோ போர்த்தளவாடங்களையோ வழங்கும் கம்பனியிற் பணிபுரியும் கடற்படை அதிகாரிக்கு, அவர் சேவையிலிருப்பினும் இளைப்பாறியிருப்பினும், 1897 யூன் 30க்குப் பின்னர் அரச நிதியிலிருந்து கொடுப்பனவு எதுவும் வழங்கப்படலாகாது என்பதே அதன் சாரம். இதில் ஆண்டுக் கணக்கு எதுவும் இல்லை. கம்பனியின் ஊதியம், அரசின் ஓய்வூதியம் என்னும் இரண்டில் ஒன்றையே தெரிந்துகொள்ளலாம் என்ற எளிய நியதியே இருந்தது. பின்னர் எழுந்த சட்டங்களோடு ஒப்பிடுகையில் இதன் தெளிவு வியப்பளிக்கின்றது. இது கடற்படைக்கு மட்டுமே ஏற்புடையதாயிருந்தமை இதன் குறைபாடாகும்.

2. நிரந்தர ஆயுதக் கைத்தொழிலும் ‘விற்பனை’ என்ற சொல்லும்

இரண்டாம் உலகப் போருக்கு முன்னர், போர் முடிந்ததும் ஐக்கிய அமெரிக்கா தனது படையைக் கலைத்து ஆலைகளைச் சாதாரண உற்பத்திக்குத் திருப்பிவிடுவதே வழக்கமாக இருந்தது. 1945க்குப் பின்னர், குறிப்பாக 1950இல் கொரியப் போர் மூண்டபின், இவ்வழக்கம் மாறியது. ஆயுத உற்பத்தியையே முழுத் தொழிலாகக் கொண்ட பெருங்கம்பனிகள் நிலைபெற்றன.

இதே காலத்திற் படையதிகாரிகளின் சேவை முறையும் மாறிற்று. 1947ஆம் ஆண்டின் அதிகாரிகள் சட்டத்தின்படி, குறித்த காலத்திற் பதவி உயர்வு பெறாதவர் சேவையினின்று விலகவேண்டும். இருபது ஆண்டுச் சேவையின் பின் ஓய்வூதியத்துடன் இளைப்பாறவும் வழியிருந்தது. இதன் விளைவாக நாற்பதுகளின் நடுவயதிலேயே, பிள்ளைகளின் கல்விச் செலவு உச்சத்திலிருக்கும் பருவத்தில், ஆயிரக்கணக்கான அதிகாரிகள் வேறு தொழில் தேடவேண்டியவர்களாயினர். அவர்களிடம் இருந்த விற்கத்தக்க மூலதனம் இரண்டு: ஆயுதங்கள் பற்றிய அறிவும், இன்னும் பதவியிலிருக்கும் தோழர்களுடனான பழக்கமும். எனவே இது தனிமனிதரின் ஒழுக்கக்கேட்டினால் மட்டும் எழுந்ததன்று. படைச்சேவையின் அமைப்பும் முதலாளித்துவ ஆயுதச் சந்தையின் அமைப்பும் ஒன்றோடொன்று பொருந்தியமையால் எழுந்தது எனலே பொருந்தும்.

1953இல் இயற்றப்பட்ட சட்டம், இளைப்பாறிய நிரந்தரப்படை அதிகாரி ஒருவர் பாதுகாப்புத் துறைக்குப் பொருள்களை விற்பனை செய்யும் தொழிலில் ஈடுபட்டால், இளைப்பாறி இரண்டு ஆண்டுகள் வரை அவரது ஓய்வூதியத்தை நிறுத்தியது. 1962இல் இக்காலம் மூன்று ஆண்டுகளாயிற்று. இங்கே இரு மாற்றங்கள் நிகழ்ந்திருத்தல் நோக்கற்பாலது. ஒன்று, வரையறையற்றிருந்த தடைக்குக் கால எல்லை வந்தமை. மற்றையது, ‘பணிபுரிதல்’ என்பதன் இடத்தை ‘விற்பனை செய்தல்’ என்பது பெற்றமை. ஒரு ஜெனரலைக் கம்பனி விற்பனையாளராக நியமிப்பதில்லை. அவர் துணைத் தலைவராக, ஆலோசகராக, திட்டமிடற் பணிப்பாளராக நியமிக்கப்படுவார். கேள்விப்பத்திரத்திற் கையொப்பமிடுபவர் வேறொருவராக இருப்பார். சட்டம் கையொப்பத்தைத் தேடியது, செல்வாக்கு கையொப்பமிடுவதில்லை.

1959இல் நியூயோர்க் பிரதிநிதி அல்பிரட் சாந்தாஞ்சலோ, அண்மையில் இளைப்பாறிய ஜெனரல்களையும் அட்மிரல்களையும் வேலைக்கு அமர்த்தும் கம்பனிகளுக்குப் பாதுகாப்பு நிதி செல்வதைத் தடுக்கும் திருத்தமொன்றை முன்மொழிந்தார். அது நிறைவேறவில்லை. எனினும் அதனைத் தொடர்ந்து பிரதிநிதிகள் சபையின் உபகுழு ஒன்று லூசியானாப் பிரதிநிதி எட்வேட் ஹேபேர் தலைமையில் விசாரணை நடத்தியது. முதல் நூறு பாதுகாப்புக் கம்பனிகளில், மேஜர் தரத்திலும் அதற்கு மேற்பட்ட தரங்களிலும் இளைப்பாறிய 1,400க்கு மேற்பட்ட அதிகாரிகள் பணிபுரிந்தமை தெரியவந்தது. அவர்களுள் 261 பேர் ஜெனரல், அட்மிரல் தரத்தினர். ஜெனரல் டைனமிக்ஸ் என்னும் கம்பனி மட்டும் 187 அதிகாரிகளைக் கொண்டிருந்தது.

1961 சனவரி 17இல் ஜனாதிபதி ஐசனோவர் ஆற்றிய பிரியாவிடை உரையின் படைத்துறை–கைத்தொழிற் கூட்டு என்னும் கருத்து உலகெங்கும் பேசப்பட்டது. அவ்வுரைக்கென 1960 ஒக்ரோபரில் அவரது உதவியாளர் ரால்வ் வில்லியம்ஸ் எழுதிய குறிப்பொன்றில், இளவயதில் இளைப்பாறும் தளபதிகள் ஆயுதக் கைத்தொழிலிற் பதவியேற்று அதன் முடிவுகளை வழிப்படுத்துதல் வெளிப்படையாகவே சுட்டப்பட்டிருந்தது. உரையிலே அச்செய்தி இடம்பெறவில்லை. குறிப்பான தீமை பொதுவான எச்சரிக்கையாக மாறிவிட்டது.

3. 1969: பெயர்ப்பட்டியலும் ஒரு சாட்சியும்

பத்தாண்டுகளின் பின்னர் விஸ்கொன்சின் செனற்றர் வில்லியம் புறொக்ஸ்மயர் கணக்கை மீண்டும் எடுத்தார். 1969 மார்ச்சில் அவர் செனற் சபையில் வைத்த தகவலின்படி, தரைப்படையில் கேணல், கடற்படையில் கப்டன் ஆகிய தரங்களிலும் அவற்றுக்கு மேலும் இளைப்பாறிய 2,072 பேர் முதல் நூறு கம்பனிகளிற் பணிபுரிந்தனர். இதே தரத்தினர் 1959இல் 88 கம்பனிகளில் 721 பேராகவே இருந்தனர். 1969இல் லொக்ஹீட்டில் 210 பேர், போயிங்கில் 169 பேர், மக்டொனல் டக்ளஸில் 141 பேர் இருந்தனர். இவர்கள் அனைவரும் ஊழல் புரிந்தோர் எனப் புறொக்ஸ்மயர் கூறவில்லை. இளைப்பாறும் நாளை எதிர்நோக்கியிருக்கும் அதிகாரி, தமக்கு முன் சென்ற இரண்டாயிரம் பேரை நினைவிற் கொண்டு கம்பனியுடன் பேரம் பேசுகின்றார் என்பதே அவரது கவலையின் சாரமாக இருந்தது.

இக்கவலைக்கு உயிருள்ள சான்று அதே காலத்திற் கிடைத்தது. 1965இல் சி-5ஏ என்னும் பாரிய போக்குவரத்து விமானத்தைக் கட்டும் ஒப்பந்தம் லொக்ஹீட்டுக்கு வழங்கப்பட்டது. 1968 நவம்பரில் புறொக்ஸ்மயரின் குழு முன்னிலையிற் சாட்சியமளித்த விமானப்படையின் செலவு ஆய்வாளர் ஏர்னெஸ்ற் பிற்ஸ்ஜெரல்ட், அத்திட்டத்தின் செலவு மதிப்பிட்டதிலும் ஏறத்தாழ 200 கோடி டொலரால் மிகுமென்பதை மறுக்காது ஏற்றுக்கொண்டார். அவர் கூறியது பொய்யன்று. ஆயினும் அவர் வகித்த பதவியே ‘சிக்கனத்தின் பொருட்டு’ ஒழிக்கப்பட்டு, 1970 சனவரியில் அவர் வேலையிழந்தார். அவரை நீக்கும்படி தாமே கூறியதை ஜனாதிபதி நிக்சன் நினைவுகூரும் 1973ஆம் ஆண்டு உரையாடலொன்று ஒலிப்பதிவாக உள்ளது. அந்த ஆண்டிலேயே அவரை மீண்டும் சேர்க்கும்படி சிவில் சேவை ஆணைக்குழு பணித்தபோதிலும், பழைய பொறுப்பை முழுமையாகப் பெற 1982 வரை அவர் வழக்காடவேண்டியிருந்தது. அந்த ஆண்டிலே உச்ச நீதிமன்றம், பதவிசார்ந்த செயல்களுக்காக ஜனாதிபதிமீது நட்டஈட்டு வழக்குத் தொடர முடியாதென ஐவருக்கு நால்வர் என்ற பெரும்பான்மையால் அவரது வழக்கிலே தீர்ப்பளித்தது. லொக்ஹீட் கம்பனிக்கோ 1971இல் 25 கோடி டொலர் கடனுக்கு அரச உத்தரவாதம் கிடைத்தது. செனற் சபையில் அது ஒரே வாக்கினால் நிறைவேறியது.

லொக்ஹீட்டிற் பணிபுரிந்த 210 அதிகாரிகளே இச்செலவுப் பெருக்கத்துக்குக் காரணம் என்று கூற ஆதாரமில்லை. அவ்வாறு கூறுதல் முறையுமன்று. ஆயினும் கொள்வனவுப் பணிமனையில் அமர்ந்திருந்த இளம் அதிகாரி ஒருவர் கண்ணால் கண்டது என்ன? உண்மையைச் சொன்னவர் வீதிக்கு வந்தார். மௌனமாக இருந்து இளைப்பாறியவர் கம்பனியில் அலுவலகம் பெற்றார். எந்தச் சட்டவாசகத்தைவிடவும் இப்பாடம் ஆழமாகப் பதியக்கூடியது.

1969 நவம்பரில் காங்கிரஸ் கொண்டுவந்த பரிகாரம் இப்பாடத்தைத் தொடவில்லை. ஆண்டொன்றுக்கு ஒரு கோடி டொலருக்குக் குறையாத ஒப்பந்தமுள்ள கம்பனிகளிற் சேரும் மேஜர் தரத்துக்குக் குறையாத முன்னாள் அதிகாரிகள் அதனை அறிக்கையிடவேண்டும் என்று மட்டும் சட்டம் செய்யப்பட்டது. தடையின் இடத்தை அறிக்கை பிடித்துக்கொண்டது.

4. இறுக்கமும் தளர்வும்

1978ஆம் ஆண்டு அரசாங்க ஒழுக்கநெறிச் சட்டம், உயர் உத்தியோகத்தர் விலகி ஓராண்டுவரை தமது முன்னைய திணைக்களத்தை அணுகி வாதாடுவதைத் தடைசெய்தது. பலர் பதவியை விட்டு ஓடிவிடுவர் என்ற அச்சத்தால், நடைமுறைக்கு வருமுன்னரே 1979இல் அது சற்றுத் தளர்த்தப்பட்டது. றேகன் ஆட்சியின் பெரும் ஆயுதச் செலவினூடே முறைகேடுகள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிவந்தபோது, 1985இலும் 1986இலும் கடுமையான சட்டங்கள் பிறந்தன. கொள்வனவில் ஈடுபட்டோர் கம்பனியுடன் வேலை பற்றிப் பேசினால் அறிவிக்கவேண்டும் என்பது முதலாவது. குறித்த சிலர் தாம் கையாண்ட கம்பனியிடம் இரண்டு ஆண்டுகளுக்குச் சம்பளம் பெறலாகாது என்பது இரண்டாவது. முதலாவது விதி, அதிகாரி பதவியிலிருக்கும் காலத்தையே நேரடியாக நோக்கியமையால் இவ்வரலாற்றிற் சிறப்பிடம் பெறுகின்றது.

1988 யூனில் வெளிப்பட்ட ‘இல் விண்ட்’ என்னும் குற்றப் புலனாய்வு, கடற்படைக் கொள்வனவின் உட்புறத்தை உலகறியச் செய்தது. போயிங்கிலிருந்து வந்து கடற்படையின் உதவிச் செயலாளராகி, 1987இல் விலகித் தனியார் ஆலோசகரான மெல்வின் பெய்ஸ்லி 1991இற் குற்றத்தை ஒப்புக்கொண்டு நான்கு ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். கம்பனியினர், ஆலோசகர், அரச உத்தியோகத்தர் என அறுபதுக்கு மேற்பட்டோர் குற்றவாளிகளாயினர். 1988இல் கொள்வனவு நேர்மைச் சட்டம் இயற்றப்பட்டது. ஆனால் 1989 டிசம்பரிலேயே அது ஓராண்டுக்கு இடைநிறுத்தப்பட்டது.

1996இல் பெரிய தளர்வு வந்தது. கொள்வனவு நடைமுறையை எளிதாக்கும் சீர்திருத்தம் என்ற பெயரில், 1969இன் அறிக்கை விதி, 1985, 1986 ஆண்டுகளின் விதிகள், இளைப்பாறிய அதிகாரிகளின் விற்பனை பற்றிய குற்றவியல் விதி ஆகியன நீக்கப்பட்டன. எஞ்சிய முக்கிய விதி, ஒரு கோடி டொலருக்கு மேற்பட்ட ஒப்பந்தங்களிற் குறித்த பொறுப்புகளை வகித்தோர் அக்கம்பனியிடம் ஓராண்டுக்கு ஊதியம் பெறலாகாது என்பதாகும். அதிலும் ஒரு வழி திறந்திருந்தது: அதே போன்ற பொருளை உற்பத்தி செய்யாத வேறொரு பிரிவிலோ துணைக் கம்பனியிலோ அவர் உடனடியாகச் சேரலாம்.

இந்த விலக்கின் முழுப்பொருளை உணர, அதே காலத்திற் கைத்தொழிலில் நிகழ்ந்ததையும் நோக்கவேண்டும். 1993இலே பாதுகாப்புத் துறையின் தலைமையே கம்பனித் தலைவர்களை அழைத்து ஒன்றிணையுமாறு கூறியது. 1990களில் 51 ஆக இருந்த முதன்மை விண்வெளி, பாதுகாப்பு ஒப்பந்தகாரர் காலப்போக்கில் ஐந்தாகச் சுருங்கியதாகப் பாதுகாப்புத் துறையின் 2022ஆம் ஆண்டு அறிக்கையே கூறுகின்றது. ஒரே கம்பனி விமானமும் ஏவுகணையும் செய்மதியும் செய்யும்போது, ‘வேறு பிரிவு’ என்பது ஒரே வீட்டின் வேறு அறையேயாகும்.

5. புதிய நூற்றாண்டு

விமானப்படைக் கொள்வனவின் உயர் சிவில் உத்தியோகத்தரான டார்லீன் டிரூயன், எரிபொருள் நிரப்பும் நூறு விமானங்களைப் போயிங்கிடம் குத்தகைக்குப் பெறும் பேச்சுவார்த்தையை நடத்திக்கொண்டே, அதே கம்பனியுடன் தமது வேலையைப் பற்றியும் பேசினார். 2003 சனவரியில் அங்கே பதவியேற்றார். 2004இற் குற்றத்தை ஒப்புக்கொண்டு ஒன்பது மாதச் சிறைத்தண்டனை பெற்றார். போயிங்குக்கு அதிக விலை வழங்க இணங்கியதையும், முன்னரே தம் மகளுக்கு அங்கு வேலை கிடைத்திருந்ததையும் அவர் ஒப்புக்கொண்டார். அவர் படையதிகாரியல்லர். ஆயினும் இவ்வழக்கு இக்கட்டுரையின் கருத்தை ஐயத்துக்கிடமின்றி நிறுவுகின்றது: குற்றம் நிகழ்ந்தது பதவியை விட்ட பின்னரன்று, பதவியிலிருந்தபோதே.

2008இல் வந்த விதி, உயர் அதிகாரிகளும் கொள்வனவில் ஈடுபட்டோரும் விலகிய இரண்டு ஆண்டுகளுள் ஒப்பந்தகாரரிடம் பணியேற்குமுன் ஒழுக்கநெறி பற்றிய எழுத்துமூல ஆலோசனை பெறவேண்டும் எனப் பணித்தது. 1896இற் ‘கூடாது’ என்றிருந்தது 2008இல் ‘ஆலோசனை பெற்றுச் செல்க’ என்றாயிற்று. 2018ஆம் நிதியாண்டுக்கான சட்டம், மூன்று, நான்கு நட்சத்திரத் தளபதிகள் இரண்டு ஆண்டுகளுக்கும், ஒன்று, இரண்டு நட்சத்திரத் தளபதிகள் ஓராண்டுக்கும் பாதுகாப்புத் துறையிடம் பரிந்துபேசும் தொழில் செய்வதைத் தடுத்தது. கம்பனியின் உள்ளே அமர்ந்து, எவரிடம் என்ன பேசவேண்டும் என்று பிறருக்குக் கற்பிப்பதை அது தடுக்கவில்லை.

விளைவுகளை எண்கள் காட்டும். 2004 முதல் 2008 வரை இளைப்பாறிய மூன்று, நான்கு நட்சத்திரத் தளபதிகளில் நூற்றுக்கு எண்பது பேர் ஆயுதக் கைத்தொழிலில் ஆலோசகராகவோ நிருவாகியாகவோ சேர்ந்தனர் என்று பொஸ்ரன் குளோப் பத்திரிகை 2010இல் ஆராய்ந்து வெளியிட்டது. 1994–1998 காலப்பகுதியில் இது நூற்றுக்கு ஐம்பதுக்கும் குறைவாக இருந்தது. காங்கிரஸின் கணக்காய்வு அலுவலகம் 2021இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 14 பெருங்கம்பனிகள் மட்டும் 2019இல் உயர் அதிகாரிகளாகவும் கொள்வனவு உத்தியோகத்தராகவும் இருந்த 1,700க்கு மேற்பட்டோரை வேலைக்கமர்த்தியிருந்தன.

6. முடிவுரை

எதிர்த்தரப்பு வாதங்களையும் நேர்மையாக எடைபோடல் வேண்டும். நாற்பத்தைந்து வயதில் விலக்கப்படும் ஒருவருக்கு உழைத்து வாழும் உரிமை உண்டு. அவருடைய தொழினுட்ப அறிவு வீணாகாதிருத்தலும் நன்றே. களத்தில் ஆயுதத்தைப் பயன்படுத்தியவரின் அனுபவம், அதனைச் செய்வோருக்குப் பயன்படும் என்பதும் மறுக்கத்தக்கதன்று. ஆனால் இவ்வாதங்கள் இளநிலை அதிகாரிக்கும் பொறியியலாளருக்குமே பெரிதும் பொருந்துவன. முழுமையான ஓய்வூதியத்துடன் செல்லும் தளபதியைக் கம்பனி தேடுவது அவரது தொழினுட்ப அறிவுக்காக மட்டுமன்று.

இவ்வரலாறு மூன்று செய்திகளை உணர்த்துகின்றது. முதலாவது, விதிகள் பெரும்பாலும் ஊழல் வெளிப்பட்ட வேளையிற் பிறந்து, மக்களின் கவனம் வேறு திசையிற் சென்றபின் தளர்த்தப்பட்டன. இரண்டாவது, தடை படிப்படியாகக் கால எல்லையாகவும், கால எல்லை அறிக்கையாகவும், அறிக்கை ஆலோசனையாகவும் தேய்ந்தது. இடையிடையே எழுந்த கடுமையான விதிகள் இப்போக்கை மாற்றும் அளவுக்கு நிலைக்கவில்லை. மூன்றாவது, மிக முக்கியமானது: மறுபுறம் செல்வோரைத் தடுப்பது பற்றியே சட்டமியற்றுவோர் சிந்தித்தனர், இப்புறத்தில் நின்று உண்மை உரைப்போரைக் காப்பது பற்றி மிகக் குறைவாகவே சிந்தித்தனர்.

1893இல் ஹோம்ஸ்ரெட் தொழிலாளரும் 1968இற் பிற்ஸ்ஜெரல்டும் செய்தது ஒன்றே. கணக்குப் பிழை என்று அறிந்தபோது அதனை மக்கள் பிரதிநிதிகளுக்கு எட்டச் செய்தனர். மௌனத்துக்குப் பரிசும் உண்மைக்குத் தண்டனையும் கிடைக்கும் வரை, இளைப்பாறியபின் எத்தனை ஆண்டு காத்திருக்கவேண்டும் என்று விதிப்பதனால் மட்டும் பயன் விளையாது. அவ்விருவகையினரின் நிலை மாறுமாறு சேவையும் ஓய்வூதியமும் கொள்வனவும் ஒருங்கே திருத்தப்படும்போதே, ஆயுதத்துக்கெனச் செலுத்தப்படும் வரிப்பணத்துக்கு மக்கள் கணக்குக் கேட்கும் உரிமை நடைமுறையிற் பொருளுடையதாகும்.